அவசரத்தில் வெந்த பல் செட்

சுலியானா முதலில் தீவு நாட்டுத் தலைநகர் நுகுஅலோஃபாவில் ரொட்டிக்கடை ஒன்றில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, முப்பது வயதுக்கு மேல் ஃபிஜிக்குப் போய் இரண்டு வருஷம் பல் செட் செய்யப் படித்துத் திரும்பினாள். "அங்கேயும் மாவு, இங்கேயும் மாவு. இதைத் தின்ன முடியாது, அவ்வளவுதான்" என்பாள். பருத்த உடம்பு, சிரித்தால் பக்கத்து அறை மருத்துவர் எட்டிப் பார்ப்பார்.

ஒரு புதன்கிழமை போதகர் மனாசே வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வந்தார். படகில் வரும்போது தும்மியிருக்கிறார்; மேல் பல் செட் கடலுக்குள் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சுற்றுத் தீவுச் சபைகள் எல்லாம் கூடுகின்றன. பிரசங்கம் அவருடையது.

"பல்லில்லாம பேசினா ஆண்டவருக்கே புரியாது, சுலியானா."

அன்றே அளவெடுத்தாள். மறுநாள் காலை மெழுகில் பல் பதித்து அவர் வாயில் போட்டுப் பார்த்தாள், பொருந்தியது. அதைச் சுற்றிச் சாந்து ஊற்றி அச்சாக்கி, உள்ளிருந்த மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, இளஞ்சிவப்புத் தூளில் மருந்து ஊற்றிப் பிசைந்து, அந்த இடத்தில் அடைத்து இறுக்கினாள். இனி மிதமான வெந்நீரில் ஒன்பது மணி நேரம் கிடக்க வேண்டும்.

போதகர் வாசலை விட்டு நகரவில்லை. "சாயங்காலம் பாட்டுக்குழு ஒத்திகை இருக்கு. கொஞ்சம் சீக்கிரம் வேக வெச்சா என்ன? கிழங்கை நல்லாக் கொதிக்க வெச்சா சீக்கிரம் வேகுது இல்ல?"

சுலியானாவுக்குத் தெரியும், இது கிழங்கு இல்லையென்று. ஆனால் தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த மனிதர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அச்சைக் கொதிக்கும் நீரில் போட்டாள்.

மத்தியானம் பிரித்தபோது செட் பளபளவென்று இருந்தது. "அடடா!" என்று போதகர் கையை நீட்டினார். கொடுத்திருக்கலாம். அவள் கொடுக்காமல், கடைவாய்ப் பக்கம் தடித்த இடத்தை அரத்தால் கொஞ்சம் ராவிப் பார்த்தாள். உள்ளே ரொட்டி போலப் பொடிப் பொடித் துளைகள்.

முகம் சுண்டிப்போயிற்று. "போதகரய்யா, இது உங்களுக்கு ஆகாது. தப்பு என்னோடது."

"பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

"மேல நல்லா இருக்கு. இந்த மருந்துல இருக்கிற கண்ணுக்குத் தெரியாத துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டுத்தான் கெட்டியாகும். கோத்துக்கும்போது தானாவே சூடாகும். அது போதாதுன்னு வெளியில நாமளும் கொதிக்க வெச்சோம். தடிச்ச இடத்துல சூடு வெளியேற வழியில்லாம மருந்தே கொதிச்சு ஆவியாகிடுச்சு. அந்த ஓட்டைதான் இது. சாப்பாடு போய் அடையும், நாறும், ஒரு நாள் ரெண்டா உடையும்."

போதகர் செட்டை வாங்கித் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். "பாதித் தப்பு என்னோடது. கிழங்குன்னு சொன்னது நான்தானே?"

அதற்கு அவள் போட்ட சிரிப்பில் மருத்துவர் எட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மறுபடி மெழுகு, மறுபடி பல், மறுபடி மாவு. இந்த முறை போதகரை வீட்டுக்கு விரட்டிவிட்டாள். அச்சு மிதமான சூட்டில் தன் பாட்டுக்கு வெந்து, தானாகவே ஆறியது. சனிக்கிழமை காலை ராவிப் பார்த்தாள். ஒரு துளைகூட இல்லை. போதகர் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் பல்லைக் காட்டினார். கூட வந்திருந்த அவர் மனைவி லேசியேலி மேலும் கீழும் பார்த்தாள்.

"இருபது வயசு குறைஞ்சிடுச்சு. இனிமே உங்களைத் தனியா எந்தக் கூட்டத்துக்கும் அனுப்ப மாட்டேன்."

ஞாயிறன்று பிரசங்கம் ஒன்றேகால் மணி நேரம் நடந்தது. ஒரு சொல் வழுக்கவில்லை. விருந்துப் பந்தலில் சுலியானா கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தாள். போதகர் எழுந்து, சுட்ட பன்றியின் மொறுமொறுத் தோலில் ஒரு துண்டைப் பிய்த்துக் கடித்தார். பந்தல் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது.

"சுலியானா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு போதகரய்யா. மெதுவா, பல் புதுசு! மீதித் தோலை இந்தப் பக்கம் அனுப்புங்க."