பாதியில் நின்ற தோட்டத்துப் பைப்

தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் பாய்ச்ச பைப் போடப்போகிறேன் என்றதும் எங்கள் தெருவே சிரித்தது. அப்போது நாங்கள் மலேசியாவில், கிள்ளானில் ஒரு மூலை வீட்டில் இருந்தோம். பக்கவாட்டில் கொஞ்சம் நிலம். அதில் மல்லிகை, கறிவேப்பிலை, வெண்டை, முருங்கை. "வாளியில தண்ணி ஊத்துனா மகாராணிக்கு வளையல் தேஞ்சிடுமா?" என்று பக்கத்து வீட்டு ஆன்டி வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். காரணத்தைச் சொல்ல முடியாது. எனக்கு மூன்றாவது முறையாகக் குழந்தை உண்டாகியிருந்தது.

முதல் இரண்டும் தங்கவில்லை. முதல் தடவை ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்தேன். கோயிலில் அர்ச்சனைக்கு வரிசையில் நின்றவர்களுக்குக்கூடத் தெரியும். இரண்டாவது தடவை நெருங்கியவர்களுக்கு மட்டும் சொன்னேன். அதனால் இந்த முறை அம்மா ஃபோனிலேயே சத்தியம் வாங்கிவிட்டார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது, மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்றார். டாக்டரோ குனியாதே, தூக்காதே, ரப்பர் ஹோஸைக்கூட இழுக்காதே என்றார். ஷா ஆலம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்த்த என் கணவர், "செடி போனா போகட்டும் விடு" என்றார். எப்படி விடுவது? இரண்டாவது பிள்ளை போன பிறகு என் கையில் உயிரோடு நின்றவை அந்தச் செடிகள்தான். அவற்றை வாட விட எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் அவரே இறங்கி வந்து, மண்ணுக்கடியில் பைப் பதித்துவிடலாம், நீ குழாயைத் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள் என்றார்.

வந்த காண்ட்ராக்டர் ஒரு சீனர், ஐம்பது வயதிருக்கும். அப்பா எஸ்டேட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவராம். அதனால் தமிழ் நம்மைப்போலவே பேசினார். தோட்டத்தைச் சுற்றி நடந்து, எங்கே வெட்டுவது, எங்கே தண்ணீர் தெளிக்கும் முனையை வைப்பது என்று குச்சியால் கோடு கிழித்தார். தன்னோடு வந்த ஆளிடம் மண்வெட்டியை எடுக்கச் சொல்லும் முன் என்னிடம் தயங்கி வந்தார்.

"அக்கா, ஒன்னு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. வீட்டுல பிள்ளைத்தாச்சி யாரும் இருக்காங்களா? இருந்தா நான் மண்ணுல கை வைக்க மாட்டேன். எங்க ஆளுங்களுக்கு அது பெரிய பந்தாங்லா, செய்யவே கூடாது."

மண்ணை வெட்டினாலும் ஆணி அடித்தாலும் அந்த அடி, வயிற்றிலிருக்கும் பிள்ளைமேல் விழும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. ஆமாம் என்றால் அம்மாவுக்குச் செய்த சத்தியம் போச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் ஆன்டியின் காதும் தயாராக இருந்தது.

"இல்லை பாஸ்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்ல மாட்டோம். நிறைந்திருக்கிறது, வாங்க வேண்டும் என்போம். அப்படி வளர்ந்தவள் வயிற்றிலிருக்கும் பிள்ளையை வாய்விட்டு இல்லை என்று சொல்லிவிட்டேன். மேலே போகிற தேவதை ஏதாவது அதைக் கேட்டு, அப்படியே ஆகட்டும் என்று சொல்லியிருந்தால்? பூஜை அறைக்கு ஓடிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதற்குள் வெளியே முதல் வெட்டு விழுந்தது.

அன்று முழுவதும் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அப்படியும் மண்வெட்டியின் சத்தம் கேட்டது. ஒவ்வொரு முறையும் என் கை தானாக வயிற்றை மூடியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்தியவள்தான் நான். ஆனால் பயத்துக்கு ஏது படிப்பு?

மறுநாள் காலையில் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. பாத்ரூமில் ரத்தத்தைப் பார்த்தேன். கணவர் வேலையில் இருந்தார். ஆன்டியின் கார் வாசலில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்து, "பாஸ், ஆஸ்பத்திரிக்குப் போகணும். வயித்துல பிள்ளை" என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. கூட இருந்த ஆளைப் பார்த்துக் கத்தினார். அவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றான். என்னை லோரியின் முன்சீட்டில் ஏற்றி, சாலையில் ஒவ்வொரு குழிக்கும் ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். பின்னால் கார்க்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"நான் கேட்டேன்லா அக்கா. நான் கேட்டேன்ல" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "என் பெரியவன் ஒரு காது இல்லாமதான் பிறந்தான். அவன் வயித்துல இருந்தப்ப நான் வீட்டுல அலமாரிக்கு ஆணி அடிச்சிக்கிட்டிருந்தேன். என் பெண்டாட்டி வெக்கப்பட்டுக்கிட்டு மாசமா இருக்கறத சொல்லல."

அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். பிள்ளையின் இருதயம் துடிக்கிறது, படுக்கையைவிட்டு எழுந்திருக்காதே என்று டாக்டர் சொன்னபோது, பிள்ளைக்குக் காது இருக்கிறதா என்றுதான் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

காண்ட்ராக்டர் மிச்ச வேலையைச் செய்ய மறுத்துவிட்டார். வெட்டிய பள்ளத்தை மூடவும் மறுத்தார். பிள்ளை பிறக்கும்வரை மண்ணைத் தொடக்கூடாதாம். என் கணவர் மூடப்போனபோது நான் அழுது தடுத்தேன். வீட்டுப் பக்கவாட்டில் பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மழை பெய்தால் நிரம்பியது. பாதி வெண்டை செத்தது. நான் ஜன்னலை மூடிவைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். கனவில் பிள்ளை வந்தால் அதன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு நாளும் காது தெரிந்ததில்லை.

பெண் குழந்தை பிறந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நர்ஸ் சொன்னார், கணவர் சொன்னார், அம்மா சொன்னார். பால் கொடுக்கும்போதெல்லாம் நான் இரண்டு காதையும் தடவிப் பார்த்தேன். அப்படியும் பயம் விடவில்லை. காது இருந்து கேட்காமல் போனால்? தொட்டிலுக்குப் பக்கத்தில் கையைத் தட்டிப் பார்ப்பேன். பிள்ளை திடுக்கிட்டால், காற்றுக்கு அசைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

முப்பது நாள் கூட முடியவில்லை, காண்ட்ராக்டரின் லோரி வந்து நின்றது. அவர் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. "அக்கா, பிள்ளை..." என்று ஆரம்பித்தவர் மேலே கேட்கவில்லை. அம்மா உள்ளேயிருந்து, "தீட்டு கழியல, வெளியே எடுக்காதே!" என்று கத்தக் கத்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு காதைப் பார்த்தார். நான் திருப்பினேன், மறு காதைப் பார்த்தார். உதடு, விரல் எல்லாம் பார்த்தார். பிறகு கேட்டுக்கு வெளியே சிமெண்ட் திட்டில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நல்லா இருக்குக்கா. ரெண்டு தடவை உங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டு, கேக்க பயந்து திரும்பிப் போயிட்டேன்" என்று சொல்லி அழுதார்.

அதற்கு முன் என்னிடம் நல்லா இருக்கு என்று சொன்னவர்கள் யாரும் என் அளவுக்குப் பயந்ததில்லை. அவர் சொன்ன பிறகுதான் நான் நம்பினேன்.