இசக்கிமுத்து அண்ணனும் எங்க எஃப்எம்மும்

எங்க எஃப்எம் ஸ்டேஷன் வரலாற்றை யாராவது எழுதினா, முதல் வரியில இசக்கிமுத்து அண்ணன் பேரு வரணும். தி.நகர்ல ஒரு மாடியில ரெண்டு ரூம் புடிச்சு, கரையோரம் எஃப்எம்னு போர்டு மாட்டி, சோதனை ஒலிபரப்பு விட்ட அன்னிக்கே போன் பண்ண முதல் நேயர் அவர்தான். "தம்பி, பாட்டு தெளிவாக் கேக்கு. நீங்கதான் கொஞ்சம் மெதுவாப் பேசணும்"னார். நான் உபைத், ஆர்ஜே. அப்போ இருபத்தி நாலு வயசு. சுருக்குன்னுச்சு. ஆனா அவர் சொன்னது சரிதான்.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். உஸ்மான் ரோடுல ஒரு பெரிய துணிக்கடை, பேரு வேணாம், அங்க பட்டுப்புடவை செக்‌ஷன். பதினெட்டு வருஷமா தினம் பன்னெண்டு மணி நேரம் நின்னவர். உக்காந்தா வேலை போச்சு, அதான் கடையோட கட்டளை. ஸ்டூல் குடுக்கணும்னு சட்டமெல்லாம் அப்போ வரல. காலைல ஷட்டர் தூக்கறதுக்கு முன்னாடி வாசல்ல நின்னுக்கினு எங்களுக்குப் போன் போடுவார். தனக்குன்னு ஒரு பாட்டு கேட்டதில்ல. "பில்லு போடுத புள்ளைக்குப் பொறந்த நாளு", "லிஃப்ட் அண்ணன் மகன் பாஸாயிட்டான்", இப்படி அடுத்தவங்களுக்குத்தான் கேப்பார். முத்தம்மாவுக்கும் ஒரு தடவ கேட்டார். மெரினா பக்கம் நொச்சிக்குப்பத்துக்காரங்க, அதே செக்‌ஷன்ல வேலை, அவரைக் கூடப்பொறந்த அண்ணனாவே நினைச்சவங்க.

அப்புறம் ஊர்ல எல்லா ஸ்டேஷனும் ஆளை ஏமாத்திச் சிரிக்கற பிராங்க் கால்ல இறங்கிச்சு. நாங்க மட்டும் சும்மா இருப்போமா. அண்ணன் மகளே போன் பண்ணி, அப்பாவை ஒரு நாள் கலாய்ங்கன்னுச்சு. குரலை மாத்தி, கடை கேமரா ரூம்லேர்ந்து பேசறேன்னேன். "ஸ்டாக் ரூம்ல உக்காந்திருக்கீரு, கேமரால தெரியுது. நாளையிலேர்ந்து வர வேணாம்."

மனுஷன் ஆடிப்போயிட்டார். "ஐயா, அது நான் இல்லீங்கய்யா. முத்தம்மாய்யா. அவதான் அங்க போயி உக்காருவா. மகளுக்குக் கல்யாணம் பேசியிருக்கேன்யா." சொல்லும்போதே அழுகை.

சிரிச்சுக்கினே நான் யாருன்னு சொன்னேன். எங்க தொழில்ல பிராங்க் முடிஞ்சதும் "போடலாமாண்ணே"ன்னு கேட்டு, சம்மதத்தைப் பதிவு பண்ணி வெச்சே ஆகணும். அவர் மூக்கைச் சிந்தற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "போடுங்க தம்பி. முத்தம்மா பேர மட்டும் எடுத்துருங்க. பயத்துல உளறிட்டேன். காலு வீங்கிக் கெடக்குன்னு அஞ்சு நிமிசம் உக்காந்துச்சு, பாவம்"னார். சரிண்ணேன்னேன்.

எடுக்கல. மறந்துட்டேன்னு பல வருஷம் எனக்கே சொல்லிக்கினு இருந்தேன். பச்சைப் பொய். அந்தப் பேரு வர்ற இடத்துலதான் சிரிப்பே இருக்குன்னு தெரிஞ்சு, "போடுங்க தம்பி"யை மட்டும் வெச்சுக்கினு, ஒலிபரப்பற காப்பியில மீதியை வெட்டினேன். அந்தக் கடையில அஞ்சு மாடியிலயும் ஸ்பீக்கர்ல எங்க ஸ்டேஷன்தான் ஓடும். அதுவும் எனக்குத் தெரியும்.

மறுநாள் பதினோரு மணிக்கு மொத்தக் கடையும் கேட்டுச்சு. சாயந்திரமே முத்தம்மாவை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. அண்ணன் முதலாளிகிட்ட போய், உக்காந்தது நான்தான், பொய் சொல்லிட்டேன்னு கெஞ்சியிருக்கார். யாரும் காதுல வாங்கல.

ஒரு வாரம் கழிச்சு ஸ்டேஷன் வாசல்ல வந்து நின்னார். திட்டப்போறார்னு நினைச்சேன். "தம்பி, நான் எடுக்கச் சொன்னேன்னு முத்தம்மாட்ட ஒரு வார்த்தை வந்து சொல்லுதியளா? நான் சொன்னா நம்ப மாட்டேங்கு."

வரேண்ணேன்னேன். போகல. போனா நான் வெட்டினது வெளிய வரும், என் வேலை போயிடும். அவர் நாலு தடவ போன் பண்ணார். நான் எடுக்கல. அதுக்கப்புறம் அவர் யாருக்கும் பாட்டு கேக்கவே இல்ல. த்தூ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

இந்த வருஷம் ஸ்டேஷனை மூடறாங்க. பழைய சம்மதப் பதிவையெல்லாம் அழிக்கச் சொன்னாங்க. அதுல அண்ணன் பேசினது வெட்டாம முழுசா இருந்துச்சு. போன்ல ஏத்திக்கினு நொச்சிக்குப்பம் போனேன். முத்தம்மா ரோட்டோரமா சங்கரா மீன் வித்துக்கினு இருந்தாங்க. நான் யாருன்னு சொல்லி, வெட்டினது நான்தான்னும் சொல்லிட்டு, போட்டுக் காட்டினேன்.

மீன் அரியற கத்தியைக் கீழ வெக்காமலே கேட்டாங்க. "இத்த அந்தாளு என்னாண்ட எத்தினி தபா சொன்னாரு. நான் மூஞ்சியத் திருப்பிக்கினேன்"னாங்க. கையிலிருந்த மீனை அரிஞ்சு முடிச்சாங்க. "போன மாசி மாசம் செத்துப்போனாரு. அவரு பொண்ணு ஆள் உட்டு அனுப்புச்சு. நான் போவல."

மன்னிப்பு கேக்கலாம்னு வாயைத் திறந்தேன். "நீ அப்பால பேசு. அத்த இன்னொரு தபா போடு"ன்னாங்க.