இளங்கொடிக்குக் காவல்

எங்கள் பசு கன்று போட்ட அன்று எனக்கு ஒன்பது வயது. வெள்ளவத்தையில் ரயில் பாதையை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீடு. பின்வளவில்தான் மாடு நின்றது. கன்று மேலெல்லாம் பனிக்குடத்தின் சவ்வு ஒட்டிக்கொண்டிருக்க, வழுவழுவென்று வந்து விழுந்தது. பசு அந்தச் சவ்வை நக்கி உரித்து, மிச்சம் வைக்காமல் தின்றது. கன்று தும்மிக்கொண்டு எழுந்தது.

அந்தப் பாலுக்குத்தான் வீடே காத்திருந்தது. நாலு மாதத் தம்பிக்கு அம்மாவிடம் பால் இல்லை. டின் பால்மாவும் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளை நாளுக்கு நாள் வாடிக்கொண்டிருந்தான்.

வீட்டின் சட்டங்கள் பெரியப்பாவின் கையில். கந்தோர் உத்தியோகத்திலிருந்து பென்ஷன் எடுத்த பிறகு அவர் ஆள்வதற்கு மிஞ்சியது நாங்கள்தான். அப்பாகூட அவருக்கு எதிர்ப்பேச்சுப் பேசமாட்டார். கன்றுக்குப் பின்னால் விழும் இளங்கொடியைப் பசு தின்றால் பால் வற்றிவிடும், அதைச் சாக்கில் கட்டிப் பால் வடியும் மரத்தில் தொங்கவிட வேண்டும் என்பது அவர் சட்டம். கொழும்பில் ஆலமரத்துக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவிடம் பலாமரம் கேட்கப் போனவர், என் கையில் ஒரு தடியைத் தந்து காவலுக்கு இருத்திவிட்டுப் போனார்.

அவர் போன கையோடு இளங்கொடி விழுந்தது. பசு திரும்பி மோந்தது. தடியை ஓங்கினேன். களைத்துப்போய் நின்ற பசு என்னைப் பார்த்தது. எனக்குப் பெரியப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. முதலில் சவ்வைத் தின்றபோது யாரும் தடியோடு நிற்கவில்லையே! தடியை மதிலுக்கு அப்பால் வீசினேன்.

பெரியப்பா சாக்கோடு வந்தபோது கடைசி வாய் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, என்னடி செய்தனீ?"

"அவளின்ரை வயித்துக்குள்ளை இருந்து வந்தது. அவள் திண்டவள். நான்தான் விட்டனான்."

கன்னத்தில் அறை விழுந்தது. நான் அழவில்லை.

"தம்பிக்கு ஏதும் நடந்தால் நீதான் காரணம்" என்றார். அது மட்டும் நெஞ்சில் தைத்தது.

கன்று போட்டதும் முதலில் சுரக்கும் கடும்புப்பால் நன்றாகத்தான் வந்தது. அது கணக்கில்லை, இனித்தான் வற்றும் என்றார் பெரியப்பா. அந்தக் கிழமை முழுவதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பயத்தில் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

எட்டாம் நாள் காலை அம்மா நுரை ததும்பும் வாளியோடு வந்தாள். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த பெரியப்பாவின் காலடியில் அதை வைத்தாள். அவர் முன்னால் அவள் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததேயில்லை.

"அத்தான், இது இளங்கொடி திண்ட மாட்டின்ரை பால். பத்தியத்திலை மாம்பழம் திண்டுதான் எனக்குப் பால் வத்தினது எண்டு நாலு மாதமாச் சொல்லுறியள். இனிச் சொல்லாதேங்கோ."

பெரியப்பா பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். வென்றுவிட்டேன் என்று நான் வளவெல்லாம் துள்ளினேன்.

அன்று மத்தியானம் அம்மா குசினி வாசலில், எல்லோருக்கும் தெரிய உட்கார்ந்து, ஒரு பெரிய மாம்பழத்தைத் தோலோடு கடித்துத் தின்றாள். வென்ற எனக்கு ஒரு துண்டுகூடத் தரவில்லையே என்று, பின்னேரம் வரை அவளோடு கோபித்துக்கொண்டிருந்தேன்.