பின் சீட்டுக்கு அடியில் வெள்ளைப் பொடி

கிள்ளானில் மூன்று பட்டறை கட்டினேன். முதலாவது ஆற்றோரத்தில், நாலு தகரமும் ஒரு வெல்டிங் செட்டும், வெள்ளம் கொண்டுபோனது. இரண்டாவதை நகராண்மைக்காரர்கள் இடித்தார்கள். மூன்றாவது இன்றும் நிற்கிறது. வெறும் சேஸின் மேல் ஏழு லோரிகளுக்கு உடம்பு கட்டிக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டு மாடிப்படியை நானே பற்றவைத்தேன். ஒரு மகளை வக்கீலாக்கினேன். நான் படித்தது தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு. யாரும் என்னைக் கைதூக்கி விடவில்லை. விட வந்தவன் கையையும் தட்டிவிட்டேன்.

மகள் கட்டியவரும் வக்கீல்தான். பணக்காரர்கள் வாழும் பங்சாரில் வீடு, யாழ்ப்பாணத்து வம்சம், தாத்தா காலத்திலிருந்து பேனா பிடித்த கை. சின்ன விமானம் ஓட்ட லைசன்ஸ் எடுத்தவர், நாலு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். முன்னால் அவரும் என் மகளும், பின்னால் என் இரண்டு பேரப்பிள்ளைகள். லீவு நாளில் லங்காவித் தீவுக்குப் பறப்பார்களாம். "சும்மா பார்க்க வாங்க மாமா" என்றார். சும்மா பார்க்க எனக்கு வராது.

விற்பவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர், நம் தமிழர். கண் மங்கிவிட்டதால் இனி ஓட்ட முடியாது. மனைவி இறந்து ஒரு வருடம். மாப்பிள்ளை அமர்த்திய விமான இன்ஜினியரும் தமிழர். லைசன்ஸும் முத்திரையும் உள்ளவர். இறக்கைக்கு அடியில் இருந்த சின்ன மூடிகளைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ரிவெட்டு ரிவெட்டாகத் தடவினார். பேட்டரியைக் கழற்றி அதன் அடியையும் பார்த்தார். "ரொம்ப கிளீன் சார்" என்றார்.

எல்லாம் புதுப் பெயிண்ட். புதுப் பெயிண்டைக் கண்டால் எனக்கு மூக்கு அரிக்கும். நான் உள்ளே ஏறினேன். பின் சீட்டுக்கு அடியில் கம்பளம் ஒட்டியிருந்தது. அதன் மூலையில் மஞ்சள் கறை, சீட்டுக் கம்பியில் காய்ந்த குங்குமம்.

"ஆயுத பூசை இதுக்குள்ளயா போட்டீங்க, டாக்டர்?"

"ஆமாண்ணே. வருசா வருசம் என் வைஃப்தான் போடுவாங்க. மஞ்சத்தண்ணி தெளிச்சு, பின்னால எலுமிச்சம்பழம் வெச்சு."

"பழத்தை எப்ப எடுப்பீங்க?"

"எடுக்க விடமாட்டாங்க. சாமி பழத்தைக் குப்பையில போடக்கூடாதும்பாங்க. அதுவா காஞ்சிடும்."

காயாது. அழுகும், சாறு கம்பளத்துக்குள் இறங்கும், அங்கேயே ஊறும். இப்படிப் பூசை போட்ட வேன்கள் என் பட்டறைக்கு எத்தனையோ வந்திருக்கின்றன, தரையில் முட்டை அளவு ஓட்டையோடு. இன்ஜினியர் படித்த புத்தகத்தில் எலுமிச்சம்பழம் இல்லை.

"கம்பளத்தைத் தூக்குப்பா" என்றேன்.

"ஒட்டினது அங்கிள். அடுத்த சர்வீஸ்ல பார்த்துக்கலாம் லா" என்றார் இன்ஜினியர்.

நானே பிடித்து உரித்தேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பொடி. இரும்பு சிவப்பாய்ச் சாகும். அலுமினியம் வெள்ளையாய்ச் சாகும்.

பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "அது திருநீறுண்ணே. அவங்க போட்டதுதான். துடைச்சிடாதீங்க."

நான் ஒரு விரலில் பொடியைத் தொட்டு அவர் நெற்றிக்கு நேரே நீட்டினேன். "அப்ப பூசிக்குங்க, டாக்டர். குனிங்க."

"மாமா" என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

அந்த மனிதர் கண்ணை மூடிக் குனிந்தார். நெற்றி முழுக்கப் பூசிவிட்டேன். பிறகு ஸ்குரூ டிரைவரை அந்த வெள்ளையின் நடுவில் வைத்து அழுத்தினேன். தகடு ஏடு ஏடாக உரிந்தது. முனை மறுபக்கம் போய் நின்றது.

"கண்ணைத் திறந்து பாருங்க. திருநீறு இல்ல, உங்க பிளேனோட சாம்பல். உங்க வீட்டம்மா வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா கொன்னு வெச்சிருக்காங்க. இதுல விழுந்து சாகாம கட்டில்ல செத்தாங்களே, அதுக்கு சாமிய கும்பிடுங்க."

அவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார், பொடி போன பிறகும் துடைத்தார். அப்புறம் மண்டியிட்டு, நான் உரித்த கம்பளத்தை மறுபடி அதே இடத்தில் வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்பும்போதும் நீவிக்கொண்டுதான் இருந்தார்.

திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸ் வந்ததும் மாப்பிள்ளை, "அந்த மனுசரை அப்படிச் செஞ்சிருக்க வேணாம் மாமா" என்றார்.

"நைசா சொல்லியிருந்தா, நீங்க நைசா வாங்கியிருப்பீங்க" என்றேன். எனக்கு வருத்தம் கிடையாது. அந்த ஓட்டைக்கு மேலேதான் என் பேத்தி உட்கார இருந்தாள்.

விமானத்தை வாங்கவில்லை. இன்ஜினியரின் ரிப்போர்ட் மூன்று பக்கம் வந்தது. மகள் படித்துச் சொன்னாள்: பின் தரைத் தகட்டில் அரிப்பு, சோதனையில் தெரியவந்தது. யார் சோதனையில் என்று மூன்று பக்கத்திலும் இல்லை. போன வாரம் பங்சார் வீட்டு விருந்தில் மாப்பிள்ளை நண்பர்களிடம் சொன்னார்: "எங்க இன்ஜினியர் கெட்டிக்காரன். கம்பளத்துக்கு அடியிலகூட விடல." நான் அதே மேசையில் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். என் மகள் குனிந்து சோற்றைப் பிசைந்தாள்.

மாப்பிள்ளை, இதை உங்களுக்குத்தான் எழுதினேன். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் திணறும். என் மகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அந்த நண்பர்களை மறுபடி கூப்பிடுங்கள். கம்பளத்தை உரித்தது என் மாமனார் என்று அவர்கள் முன்னால் சொல்லுங்கள். அந்த மனிதர் நெற்றியில் பொடியைப் பூசியதும் அவர்தான் என்று, அதையும் விடாமல் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் இன்னொரு பக்கம் சேர்த்து, அதில் என் முழுப் பெயரை எழுதி, அந்த இன்ஜினியர் கையெழுத்துப் போடட்டும்.