மரியாதை என்ற மாறிலி

1. டீ கொடுத்துச் சொன்ன செய்தி

நாற்பத்தொன்பதாவது வயதில் நான் மறுபடியும் மாணவனானேன். அறிவுத் தாகம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் பிரின்சிபால் என்னை அறைக்குக் கூப்பிட்டு, பிஎச்.டி. முடிக்காதவர்கள் கணிதத் துறையில் நீடிப்பது இனி கஷ்டம் என்று டீ கொடுத்துச் சொன்னார். அவர் டீ கொடுத்தாலே செய்தி மோசம் என்பது படூரில் எங்கள் கல்லூரி முழுக்கத் தெரியும்.

ஆராய்ச்சிக்குக் கைடாக வாய்த்தவர் டாக்டர் கலைவாணி. என்னைவிடப் பதினோரு வயது சிறியவர். அவர் என்னை சார் என்பார், நான் அவரை மேடம் என்பேன். யாருக்கு யார் பயப்படுவது என்பதில் முதல் மூன்று மாதம் இருவருக்கும் குழப்பம்.

தலைப்பு: ஒரே ஊரில் இரண்டு மொழிகள் இருந்தால் எது நிற்கும், எது போகும்? கேட்கப் பெரிதாக இருக்கும், அடிப்படை எளிது. வருஷா வருஷம் சிலர் ஒரு மொழியை விட்டு இன்னொன்றுக்குப் போகிறார்கள். எத்தனை பேர் போவார்கள் என்பது, அந்த இன்னொரு மொழியை ஏற்கெனவே எத்தனை பேர் பேசுகிறார்கள், அதற்கு ஊரில் என்ன மதிப்பு என்ற இரண்டையும் பொறுத்தது. பள்ளிக்கூடம், வேலை, பஸ் போர்டு எல்லாம் மதிப்புக் கணக்கில் வரும். இதை டிஃபரென்ஷியல் ஈக்வேஷனாக எழுதிக் கொடுத்தால் கம்ப்யூட்டர் ஒரு கர்வ் வரைந்து தரும். கர்வ் தரையைத் தொட்டால் அந்த மொழி காலி.

எழுத எனக்கு வரும். டேட்டாவுக்குத்தான் ஒரு ஊர் வேண்டும். எங்கள் ஸ்டாஃப் வேனை ஓட்டிய பலராமன் கைகொடுத்தார். செங்கல்பட்டுக்கு உள்ளே தள்ளி அவர் ஊர். தலைமுறை தலைமுறையாக வீட்டில் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பங்கள். அவருக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. விடுமுறை நாட்களில் வேனை மாமல்லபுரத்துக்கு டூரிஸ்ட் சவாரி விடுவார்.

நாற்பது வீடு ஏறி இறங்கினேன். பேடு, பேனா, கழுத்தில் ஐடி கார்டு. வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று தமிழில் கேட்டேன். தமிழ்தான் சார் என்று தமிழில் சொன்னார்கள். காபி கொடுத்தார்கள். நான் குடித்து முடிக்கும்வரை அவர்களுக்குள்ளும் தமிழே ஓடியது. பெரியவர்களுக்குக் கொஞ்சம் தெலுங்கு போட்டேன், குழந்தைகளுக்குப் பூஜ்யம் போட்டேன். கர்வ் வழுக்குமரம் மாதிரி இறங்கி, ஒரு தலைமுறைக்குள் தரையைத் தொட்டது. பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு அழகு. ஒரு மொழி அழிவதைப் பார்த்து அந்த அளவுக்கு சந்தோஷப்பட்டவன் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

2. கடைசி சீட்

ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸைக் கொடுக்க மூன்று வாரம் இருந்தபோது பலராமன் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கிளம்பியது. என்னையும் கூப்பிட்டார்கள். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் செங்கல்பட்டு போய் வேனில் ஏறிக்கொண்டேன். கடலில் கால் நனைத்தோம், வறுத்த மீன் தின்றோம். திரும்பும்போது நான் கடைசி சீட்டில் தூங்கிப் போனேன்.

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் விழிப்பு வந்தது. கண்ணைத் திறக்கச் சோம்பல். அப்போதுதான் காதில் விழுந்தது. வேன் முழுக்கத் தெலுங்கு. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பலராமன் மனைவி பத்மாவிடம் தெலுங்கில் பேச, பத்மா அவரை அதிலேயே மடக்க, அவர்களுடைய இரண்டு பெண்களும் ஜன்னல் சீட்டுக்காகத் தெலுங்கில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பூஜ்யம் போட்ட அதே பெண்கள். சின்னவளுக்கு ஆறு வயது.

மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். மீன் மசாலா மூக்கில் ஏறியிருக்க வேண்டும், தும்மிவிட்டேன்.

அவ்வளவுதான். வேன் தமிழுக்கு மாறியது. ஜன்னல் சீட்டுச் சண்டைகூடப் பாதி வாக்கியத்தில் தமிழாகி மேலே போனது. நான் ஒரு தும்மல் போட்டால் ஒரு மொழியே காணாமல் போகிறது. ஐடி கார்டோடு வாசலில் போய் நின்றால் என்ன ஆகியிருக்கும்?

நேரே கேட்டேன். பலராமனுக்குக் கேள்வியே புரியவில்லை.

"இன்னா சார் நீங்க. உங்கள வச்சிகினு எங்களுக்குள்ள வேற பாஷைல பேசினா, ஒங்களப் பத்தித்தான் இன்னாமோ பேசறோம்னு நெனப்பீங்க. மருவாதி இல்ல?"

எனக்குள் இருந்த ஆராய்ச்சியாளன் தோற்றுக்கொண்டிருப்பது தெரிந்து, அப்படியானால் சர்வேயில் ஏன் பொய் சொன்னீர்கள் என்று வீம்பாகக் கேட்டேன். பத்மா திரும்பிப் பார்த்தார்.

"பொய்யெல்லாம் சொல்லல சார். நீங்க வந்து நின்னீங்க, வூட்ல தமிழ் பேசிகினு இருந்தோம். அதத்தான சொன்னோம்?"

மறுபடியும் தூங்குவதுபோல் நடித்தேன். இந்தமுறை ஒருவரும் ஏமாறவில்லை.

3. கேளம்பாக்கம் சிக்னல்

அடுத்த நாள் கலைவாணி மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கர்வை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தார்.

"சார், நாப்பது வீட்லயும் நீங்க உங்களையேதான் அளந்துட்டு வந்திருக்கீங்க."

இரண்டு வழி இருந்தது. இருப்பதை அப்படியே கொடுத்தால் பட்டம் வரும், வேலை நிற்கும், யாரும் அந்த ஊருக்குப் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை. இல்லையென்றால் கடைசியாக ஆறு மாத எக்ஸ்டென்ஷன் கேட்கலாம். அதற்குள் முடியவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரேஷன் ரத்து, அதோடு வேலையும் போகும். என் பெரிய பெண் அப்போது பிளஸ் டூ. வீட்டில் சொன்னதும் என் மனைவி எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவள் கேட்காமலே டீ கொடுப்பது, பிரின்சிபால் டீ கொடுப்பதைவிட மோசம்.

மனசாட்சி உறுத்தியது என்று எழுதினால் நன்றாக இருக்கும். நிஜத்தில் என்னை உறுத்தியது ஸ்டாஃப் வேன். பொய்யை ஒருமுறை சொல்லிவிடலாம். ஆனால் அது தினமும் கேளம்பாக்கம் சிக்னலில் பலராமன் முதுகைப் பார்த்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அந்த அளவுக்கு எனக்கு நெஞ்சுரம் கிடையாது. எக்ஸ்டென்ஷன் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

4. பத்மா எடுத்த சர்வே

இந்தமுறை என் பங்களிப்பு, ஊர்ப்பக்கம் தலைகாட்டாமல் இருந்தது. சர்வே எடுத்தவர் பத்மா. அவர் கையில் ஒரு தாள்: யார் யாரிடம் பேசினார், பக்கத்தில் வேறு யார் இருந்தார், என்ன பாஷை. தலைகளை எண்ணுவதை விட்டுவிட்டுப் பேச்சுகளை எண்ணினோம். எங்கள் ஈக்வேஷனில் மாற்றியது முக்கியமாக இதைத்தான்.

தாள்கள் வந்து சேர்ந்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்து வீடுகள்தான், ஒரே பள்ளிக்கூடம், ஒரே டிவி. ஒரு வீட்டில் குழந்தைகள் இரண்டு மொழியும் பேசுகின்றன, அடுத்த வீட்டில் தமிழ் மட்டும். மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு பத்மாவுக்குப் போன் போட்டேன். இதற்கா இவ்வளவு பேஜாரு என்று சிரித்தார்.

பத்மா பிறந்தது தமிழ் பேசும் வீட்டில். கல்யாணமாகி வந்தபோது அவருக்காக மொத்த வீடும் தமிழுக்கு மாறியிருக்கிறது. மாமியார் தன் அக்காவிடம்கூடத் தமிழில்தான் பேசுவாராம். ஒரு வருஷம் பத்மா பொறுத்துப் பார்த்திருக்கிறார்.

"ஒருநாள் அத்தைகிட்ட சொல்லிட்டேன் சார். எனக்கோசரம் மாத்தாதீங்க, நான் இன்னா விருந்தாளியா? திட்றதா இருந்தாலும் உங்க பாஷைலயே திட்டுங்கன்னேன். நல்லாத் திட்டினாங்க. ஆறு மாசத்துல கத்துகினேன்."

அடுத்த வீட்டு மருமகளும் தமிழ் வீட்டிலிருந்து வந்தவர், அங்கே அவருக்காகத் தமிழுக்கு மாறும் அந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. அவர் பிள்ளைகளுக்குத் தமிழ் மட்டும்தான்.

அன்று மாலை ஈக்வேஷனில் புதிதாக ஒரு எழுத்து சேர்ந்தது, m. புரியாத ஒருவர் எதிரில் இருந்தால் வீடு எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது, எவ்வளவு காலம் மாறியே இருக்கிறது என்பதற்கான மாறிலி. m அதிகமானால் கர்வ் தரைக்குப் போனது. குறைந்தால் பாதியில் படுத்து அப்படியே ஓடியது. ஊரில் இரண்டு வகை வீடும் இருந்ததால் எங்கள் கர்வ் அழகாக வரவில்லை. இறங்கி, தயங்கி, கோணலாக நின்றது. எக்ஸ்டென்ஷன் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது தீசிஸைச் சமர்ப்பித்தேன்.

5. வைவா

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் நாற்பது நிமிஷம் வறுத்தார். கடைசியில் m என்பது எதன் சுருக்கம் என்றார். மரியாதை என்றேன். ஹாலில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. அப்படியானால் மொழி பிழைக்க உங்கள் மாடல் என்ன சொல்கிறது என்று கேட்டார். வருகிறவர்களிடம் கொஞ்சம் மரியாதைக் குறைவாக நடந்துகொள்ளச் சொல்கிறது சார் என்றேன். கடைசி வரிசையில் பத்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எக்ஸாமினர் எதையோ எழுதிக் கையெழுத்திட்டார். ஓய்வு பெறும்வரை நான் கணிதத் துறையிலேயே இருந்தேன்.

வைவாவுக்கு அடுத்த ஞாயிறு பலராமன் வீட்டில் சாப்பாடு. என்னையும் மனைவியையும் உட்காரவைத்து இலை போட்டார்கள். கரண்டியும் கையுமாக வந்த பத்மா எதையோ கேட்டார். சுத்தத் தெலுங்கு. விழித்தேன். பலராமனைப் பார்த்தேன். அவரும் தெலுங்கிலேயே என்னமோ சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். ஒருவரும் தமிழுக்கு மாறவில்லை. சாம்பார் இலையில் இறங்கிக்கொண்டே இருந்தது. தெரிந்த ஒரே தெலுங்கு வார்த்தையான, போதும் என்று பொருள்படும் "சாலு"வைச் சொல்லி நிறுத்தினேன். என் உச்சரிப்பைக் கேட்டுச் சின்னவள் இலையிலேயே சிரித்துத் துப்பினாள்.

மொழிகளைப் படிக்க வரும் இளைய நண்பர்களுக்கு நான் கற்ற பாடம் இவ்வளவுதான். ஒரு வீடு உங்கள் முன்னால் நல்லபடி நடந்துகொண்டால் உங்கள் டேட்டாவை நம்பாதீர்கள். அந்த வீட்டில் எனக்கு இன்றைக்கும் துளி மரியாதை கிடையாது. ஊரப்பாக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை போய் அதை உறுதி செய்துகொண்டு வருகிறேன்.