கன்னியப்பன் வெட்டிப் போட்ட பிரேக்

இப்போ பிரேக் பேடு தேஞ்சா கடையில வாங்கி மாட்டிட்டுப் போயிடுறோம். 1927ல ஆம்பூர்ல அதெல்லாம் நடக்காது. அங்க எருமத்தோல்ல பேடு வெட்டிப் போட்ட ஒரு மனுஷனப் பத்திதான் சொல்லப்போறேன்.

பேரு கன்னியப்பன். தோல்ஷாப்புல, பதம் பண்ணின தோலு காயாம மெதுவா இருக்க மீனெண்ணெ தேய்க்கிற வேல, பதினெட்டு வருஷமா. அவரு தோஸ்த் ஜியாவுதீன், முதலாளி முக்தார் அகமதோட பழைய சீமைக் கார ஓட்டுறவரு.

அந்தக் காருல பிரேக் சக்கரத்துல கெடையாது. அடியில சுத்துற தண்டுல தட்டு மாதிரி ஒரு இரும்பு வட்டம். மிதிச்சா ரெண்டு கட்ட ரெண்டு பக்கமும் அதக் கவ்விப் புடிக்கும். டிஸ்க் பிரேக்கேதான், நூறு வருஷம் முன்னாடியே! கட்டமேல இருந்த பட்ட, அதான் பேடு, தேஞ்சுபோச்சு. புதுசு சீமையிலருந்து வர மூணு மாசம் ஆகும்.

"கன்னியப்பா, தடிமனா ஒரு தோலு குடு, அதுபோதும்"னாரு ஜியாவுதீன்.

கன்னியப்பன் தானே வெட்டி, செம்பு ஆணி அடிச்சு மாட்டினாரு. நல்லாவே புடிச்சுது. நாலாம் நாளு பிரேக் புடிச்சா கிறீச்னு ஒரே சத்தம்.

"இன்னா பாய் இது, தோலு காஞ்சு கெடக்கு. வயித்துக்கு எதுவும் போடாம வேல மட்டும் வாங்குறியா?"

சொல்லிட்டு ரெண்டு பேடுலயும் மீனெண்ணெய அழுத்தித் தேய்ச்சாரு. தோலுன்னா அவருக்கு அதுதான் தெரியும். அவ்ளோ ஆசையா தேய்ச்சிருக்காரு, அத நெனச்சாதான் எனக்குத் தாங்கல.

மறுநாள் பாலாத்து இறக்கத்துல வண்டி நிக்கல. வழுக்கிட்டுப் போயி, ஷாப்புக்கு முன்னாடி தோலு பதம் பண்ண வச்சிருந்த ஆவாரம்பட்டக் குவியல்ல மோதிச்சு. ஜியாவுதீனுக்கு நெத்தி கிழிஞ்சுது. முதலாளி, "தூங்கிட்டே ஓட்டினியா? நாளையிலருந்து வேலைக்கு வராத"ன்னுட்டாரு. ஜியாவுதீன் எண்ணெயப் பத்தி வாயே தெறக்கல.

கன்னியப்பன் வண்டிக்கு அடியில பூந்து ரெண்டு பேடையும் கழட்டி, நேரா முதலாளி மேசமேல வச்சாரு.

"மோந்து பாருங்க முதலாளி. எண்ணெ நான் போட்டது. வேலையவிட்டு அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க."

முதலாளி மோந்து பாத்தாரு. அவரும் தோலுக்காரருதான், ஒடனே புரிஞ்சுது.

"ஏம்பா, எண்ணெ போட்டு மினுக்க இது இன்னா, மாப்பிள்ள செருப்பா?" பேடத் தள்ளி வச்சாரு. "வேற போடு. அதே இறக்கத்துல நிறுத்திக் காட்டுங்க. நின்னா ரெண்டு பேரும் இருங்க."

எண்ணெ குடிச்ச தோலு இனி ஒதவாது. புதுசா வெட்டினாரு. இரும்பு வட்டத்த மண்ணெண்ணெயில தொடச்சு, சாம்பல் போட்டுத் தேய்ச்சு, கையையும் மூணு தடவ கழுவிட்டுதான் தோலத் தொட்டாரு.

வண்டி கெளம்புறப்போ முன்சீட்டுல ஏறி ஒக்காந்தாரு.

"நீ எறங்கு. உனக்குப் புள்ளகுட்டி இருக்கு," ஜியாவுதீன் சொன்னாரு.

"உனக்கு மட்டும் இல்லியா? ஓட்டு பாய்."

பாதி இறக்கத்துல ஜியாவுதீன் மிதிச்சாரு. வண்டி குலுங்கி, கத்தி, நின்னுது. கீழ நின்ன முதலாளி தலையாட்டிட்டு ஷாப்புக்குள்ள போயிட்டாரு. இவங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் எறங்கவே இல்ல.

சீமப் பட்ட கடைசிவரைக்கும் வந்து சேரல. அந்தத் தோலு ஒரு வாரத்துக்கு மேல தாங்காது. கார விக்கிற வரைக்கும், ஆறு வருஷம், வாராவாரம் கன்னியப்பன் புதுசா வெட்டி மாட்டினாரு. மாட்டின ஒவ்வொரு தடவையும் மொத ஓட்டத்துக்குப் பக்கத்துல ஏறி ஒக்காந்துக்குவாரு. எறங்குன்னு ஜியாவுதீன் அப்புறம் சொன்னதே இல்ல, கொஞ்சம் நகந்து எடம் விடுவாரு.