கேசட்டில் இருக்கிற பந்தி

பாகூர் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களில் வீரப்பனைப் போல் கரும்பு வெட்டியவன் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர். வெட்டுக் கூலியாகத் தொடங்கி, பத்து ஆள் வைத்து, டிராக்டர் வாங்கி, தொண்ணூற்று இரண்டில் தன் தெருவிலேயே முதல் மெத்தை வீட்டை, மாடியோடு, கட்டினார். யார் தயவும் இல்லை.

அதைவிடப் பெரிதாக அவர் சொல்வது ஒன்று உண்டு. வீடு குடிபோன அன்று, அவர் கூலி வேலை செய்த நிலக்காரர் சுப்பராயலு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த வீட்டு மனிதர்கள் இந்தத் தெருவில் கை நனைத்ததே கிடையாது. பந்தி நேரத்தில் வீரப்பன் பின்பக்கம் சமையல் அடுப்பருகே நின்றார். பிறகு வீடியோ கேசட்டை வாடகை டெக்கில் போட்டபோதுதான் அதைக் கண்ணால் பார்த்தார்.

போன மாதம் சம்பந்தி வீட்டார் எதிரில் இதைச் சொன்னபோது மகள் உஷாராணி சிரித்துவிட்டாள். "வாசல்ல நின்னு கும்புடு போட்டுட்டு போயிருப்பாருப்பா. நீயா எல போட்டுக்கற."

முப்பது வருடப் பேச்சு ஒரு சிரிப்பில் பொய்யாகிவிடுமா? பீரோவிலிருந்து கேசட்டை எடுத்தார். டெக்குதான் எங்கும் இல்லை. வில்லியனூரில் மூன்று பழைய சாமான் கடைகளில் கையை விரித்தார்கள். மதகடிப்பட்டில் டிவி ரிப்பேர் பார்க்கும் பாக்யராஜ் கடைக்கு உஷாராணியே ஸ்கூட்டியில் அழைத்துப் போனாள்.

உள்ளே நுழைந்ததும் வெயில் எங்கோ போய்விட்டது. கூரைவரை அடுக்கிய டிவிப் பெட்டிகளின் இருண்ட கண்ணாடிகளில் அப்பாவும் மகளும் சின்னச் சின்னதாக மிதந்தார்கள். ஆழமான குளத்துக்குள் நடப்பதுபோல வீரப்பன் மெதுவாக நடந்தார். ரேடியோக்களுக்கு அடியில், தூசியைப் போர்த்திக்கொண்டு ஒரு டெக் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஓடுமா?"

"ஓட வெச்சிடலாம் பெரியவரே. புது நோட்டு ஒண்ணு குடுங்க."

"இன்னாண்ணா, பாக்கறதுக்கே காசா?" என்றாள் உஷாராணி.

"உள்ள டேப்பு படிக்கற ஹெட்டு தொடைக்கம்மா. புது நோட்டு மாதிரி வேற எதுவும் தொடைக்காது."

நோட்டை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துவிட்டுக் கேசட்டைப் போட்டார் பாக்யராஜ். டிவித் திரையில் புள்ளி புள்ளியாகப் பனி கொட்டியது. பனிக்குள்ளிருந்து நீலமும் ரோஜாவுமாக நிறங்கள் கசிந்து வந்தன. செத்துப்போனவர்கள் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு நடந்தார்கள். பிறகு பந்தி. இலைகளின் நடுவே சுப்பராயலு, கையை வாய்க்குக் கொண்டுபோகிறார்.

"பாத்தியாடி."

"அண்ணா, அங்க நிறுத்துங்க."

படம் நடுங்கி நின்றது. உஷாராணி கிட்டே போய்ப் பார்த்தாள். சுப்பராயலுவின் வெள்ளைச் சட்டை வழியாகச் சோறு தெரிந்தது. மற்றவர்கள் பாயில் இருக்க, அவர் மட்டும் ஒரு நாற்காலியோடு அந்தரத்தில் இருந்தார். கையில் இருந்தது கலர் சோடா பாட்டில், உறிஞ்சு குழலோடு.

"மிக்சிங்குமா இது," என்றார் பாக்யராஜ். "ரெண்டு சீன ஒண்ணா கலந்து வுடுவாங்க. அப்ப அதான் பேஷனு."

வீரப்பன் அந்தப் பாட்டிலை உற்றுப் பார்த்தார். பாட்டிலில் அடைத்து வருகிற கலர் மட்டும்தான் அந்த வீட்டு மனிதர்கள் வெளியே வாங்கிக் குடிப்பது. இந்தத் தெரு வீட்டுத் தண்ணீர்கூட ஆகாது. அதை அவரைவிட யாருக்குத் தெரியும்?

"வுடுப்பா. வந்தாரு இல்ல, அது போதாதா," என்றாள் மகள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

"கை நனைக்கலடி அவரு," என்றார் வீரப்பன். "கொஞ்சம் பின்னாடி ஓட்டுப்பா."

மனிதர்கள் பின்பக்கமாக நடந்தார்கள். பூ மாலைகள் கழுத்திலிருந்து எழும்பின. கலப்பதற்கு முந்தைய காட்சி வந்தது. புதுச் சுவரின் முன்னால் சுப்பராயலு நாற்காலியில். அவருக்கு நேர் எதிரே இன்னொரு நாற்காலியில் முப்பத்தைந்து வயது வீரப்பன், சாய்ந்து உட்கார்ந்து, பல் தெரியப் பேசிக்கொண்டிருந்தான். சுப்பராயலுவுக்கு எதிரில் ஊரில் எவனும் உட்கார்ந்ததில்லை. தான் உட்கார்ந்தது வீரப்பனுக்கே ஞாபகம் இல்லை. இலையைத் தேடித் தேடி இதைப் பார்க்காமலே விட்டிருக்கிறார்.

"கால் மேல காலு வேறப்பா," என்றாள் உஷாராணி.

"என் வூடு. நான் வாங்குன நாற்காலி. வேற எப்பிடி உக்காருவாங்க?"

வீரப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.